புதுச் சொல்லுக்கு வேலை கொடுப்போர் யார்?

(மருதனார்மடத்தில் உழவர்களும் உத்தியோகத்தர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பட்ட உரை)

 

புதுச் சொற்கள் ஒரு மொழியின் சொற்களாக ஏற்கப்படுவது எவ்வாறு என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கின்றீர்கள். இது பண்டிதர் மன்றத்திற் பேசத்தக்க பொருளன்றோ, வெங்காயத்தோடும் புகையிலையோடும் மல்லாடுவோர்க்கு இதனால் ஆகும் பயன் யாது என உங்களுட் சிலர் எண்ணலாம். ஆயினும் இப்பொருளைப் பேசுதற்கு மருதனார்மடத்தைவிடத் தக்க இடம் பிறிதொன்றில்லை என்பதே எமது துணிபு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் நிறுவிய மகளிர் கல்லூரி இவ்வூரில் உண்டு. வலிகாமத்துத் தோட்டங்களின் விளைவெல்லாம் வந்து குவியும் மரக்கறிச் சந்தையும் இவ்வூரிலேயே உண்டு. ஏட்டுத் தமிழும் தோட்டத் தமிழும் நாள்தோறும் முகம் பார்க்கும் சந்தி இது. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொண்டால் மொழி வளரும்; அறியாது விலகினால் மொழி தேயும். நாம் இன்று சொல்லவந்த செய்தி இவ்வளவே.

ஒரு புதுச் சொல்லை ஏற்பவர் யார்? அகராதி செய்வோரா? அரசாங்கமா? புலவர் குழுவா? இவர்கள் எவருமல்லர் என்கின்றோம். அகராதி தருவது பிறப்பத்தாட்சிப் பத்திரம் மட்டுமே. பத்திரம் பெற்ற பிள்ளை பிழைத்துக்கொள்வதற்குச் சோறு வேண்டும்; சோற்றுக்குத் தொழில் வேண்டும். சொல்லும் அவ்வாறே. எந்தச் சொல்லுக்கு மக்கள் நாள்தோறும் வேலை கொடுக்கின்றனரோ அந்தச் சொல் வாழ்கின்றது. வேலையற்ற சொல் எத்துணை அழகியதாயினும் ஏட்டிலேயே இருந்து இறக்கின்றது.

இலக்கணம் வகுத்தோர் கண்ட வழி

புதுச் சொல் என்றவுடன் கதவைச் சாத்துவோர் ஒரு சாரார். கதவையே கழற்றி எறிவோர் மற்றொரு சாரார். எமது முன்னோர் இரண்டினையும் செய்திலர். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைப்படுத்தினார். வெளியிலிருந்து வரும் சொல்லுக்கும் அவர் ஓரிடம் ஒதுக்கிவைத்தார் என்பதனைக் காண்க. வடசொல்லைத் தமிழிற் கொள்ளும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தக் கொள்ளவேண்டும் என்று அவர் எல்லையும் வகுத்தார். காலத்தின் போக்கில் தோன்றி வழங்கும் சொல்லைக் கடிந்து ஒதுக்குதல் இல்லை என்ற கருத்தையும் எச்சவியலில் வைத்தார். நன்னூல் செய்த பவணந்தி முனிவரும், பழைய சில நீங்குவதும் புதிய சில சேர்வதும் காலத்தின் இயல்பேயன்றிக் குற்றமாகா என்றே கொண்டார்.

எனவே, 'உள்ளே வரலாமா?' என்ற வினாவுக்கு இலக்கணம் என்றோ விடை கூறிவிட்டது. 'வந்தது நிலைக்குமா?' என்ற வினாவே எஞ்சி நிற்கின்றது. அதற்கு விடை காண ஏடுகளை விட்டுத் தோட்டத்துக்குச் செல்வோம்.

மாநாடு கூட்டாத சொல்லாக்கம்

மிளகாய் எமது மண்ணுக்குரிய பயிரன்று. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் வழியாகக் கீழ்நாடுகளுக்கு வந்தது. அதற்கு முன் தமிழர் உறைப்பை அறிந்தது மிளகினால். புதிய காயைக் கடித்தவர், மிளகுபோல் உறைக்கின்றது, ஆனால் காயாக இருக்கின்றது எனக் கண்டு மிளகாய் என்றார். அவ்வளவுதான்! அதற்கென ஒரு குழு அமைக்கப்படவில்லை, அறிக்கை வெளியிடப்படவில்லை. சிங்கள உழவரும் இதனையே வேறொரு வழியிற் செய்தனர். மிளகுக்குரிய 'மிரிஸ்' என்ற சொல்லைப் புதிய மிளகாய்க்குக் கொடுத்துவிட்டுப் பழைய மிளகை ஊர் மிரிஸ் என்ற பொருளிற் 'கம்மிரிஸ்' என்றனர். மொழி வேறாயினும் உழவரின் மதி ஒன்றே.

புகையிலையை நோக்குங்கள். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. புகைக்கும் இலை ஆதலால் புகையிலை ஆயிற்று. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய நாள்களில் அச்சொல்லும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. வள்ளிக்கிழங்கை அறிந்திருந்த நாவு, மரம்போல் நிமிர்ந்து வளரும் புதிய செடியை மரவள்ளி என்றது. உருண்டிருந்த புதிய கிழங்கு உருளைக்கிழங்கு ஆயிற்று. இன்று இச்சொற்களைக் கேட்கும் எவராவது இவை புதுச் சொற்கள் என்று ஐயுறுவாரா? சங்க காலந்தொட்டு எம்மோடு இருந்தன போலன்றோ இவை ஒலிக்கின்றன!

இங்கே ஒரு பாடம் இருக்கின்றது. இச்சொற்களை ஆக்கியவர்கள் பொருளைக் கையில் எடுத்தவர்கள், நட்டவர்கள், விற்றவர்கள், வாங்கியவர்கள். நடுவோனும் விற்போனும் வாங்குவோனும் ஒரே சொல்லைச் சொன்னாலன்றி வியாபாரம் நடவாது. அந்தத் தேவையே சொல்லை நிலைநிறுத்தியது.

இதன் மறுபக்கத்தையும் காண்போம். துலா, ஆடுகால், பட்டை, சூத்திரம் என்பன ஒரு காலத்தில் இவ்வலிகாமத்துச் சிறுவர்க்கும் தெரிந்த சொற்கள். நீர் இறைக்கும் இயந்திரம் வந்தது; துலா சாய்ந்தது; அதனோடு சேர்ந்து அச்சொற்களும் சாய்ந்தன. அவற்றை எவரும் தடைசெய்யவில்லை. வேலை போயிற்று, சொல்லும் போயிற்று. ஆனால் 'இறைத்தல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டையால் இறைத்தவர் இயந்திரத்தாலும் 'இறைக்கின்றார்'. பழைய சொல் புதிய கருவியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பிழைத்துவிட்டது. சொல் வாழ்வதும் மாள்வதும் தொழிலாலேயே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வந்தேறிய சொற்களும் வீட்டுச் சொற்களும்

1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். அந்நூற்றாண்டின் இறுதிக்கு அடுத்த நூற்றாண்டு முடியுமுன் ஆங்கிலேயர் வந்தனர். ஆண்டவர்கள் சென்றுவிட்டனர், அவர்தம் சொற்களிற் பல எம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. மேசை, கதிரை, அலுமாரி, சாவி, சப்பாத்து, பாண், குசினி என்பன போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. கந்தோர், நொத்தாரிசு, லாச்சி என்பன ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. இவற்றுள் ஒன்றேனும் படையெடுத்து வரவில்லை. பொருள் வந்தது, பொருளோடு பெயரும் வந்தது.

ஆயின் வந்தபடியே இருக்க நாம் அவற்றை விட்டோமா? இல்லை. 'கதெய்ரா' என வந்ததனை ஐகார ஈறு கொடுத்துக் கதிரை ஆக்கினோம். கதிரையில், கதிரைக்கு, கதிரைகள் என வேற்றுமையும் பன்மையும் ஏற்கச் செய்தோம். 'சாய்மனைக் கதிரை' என்று எமது சொல்லோடு மணமும் முடித்துவைத்தோம். தொல்காப்பியர் வகுத்த நெறியை, அதனைப் படித்தறியாத தச்சனும் அவன் மனைவியும் வழுவாது கடைப்பிடித்தனர். தமிழகத்தார் அதே பொருளை நாற்காலி என்கின்றனர். நாற்காலி என்போர் கூடிய தமிழருமல்லர். கதிரை என்போர் குறைந்த தமிழருமல்லர்.

எனினும் ஆண்டவன் சொல்லே எப்போதும் வெல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் எமது வழமைகளைத் தொகுத்துத் தேசவழமைச் சட்டமாக்கினர். முதுசம், தேடியதேட்டம், சீதனம் என்ற எமது சொற்கள் அச்சட்டத்தின் அடித்தளமாயின. பின்வந்த ஆங்கிலேயர் 1911ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தாரின் விவாக உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டத்தை ஆங்கிலத்தில் இயற்றியபோது, தேடியதேட்டம் என்ற சொல்லுக்கு ஈடான சொல் தம் மொழியில் இன்மையால் அச்சொல்லையே தம் எழுத்திற் பொறித்தனர். உயர் நீதிமன்றத்து ஆங்கிலத் தீர்ப்புகளில் இன்றும் அச்சொல் தலைநிமிர்ந்து நிற்கின்றது. வெள்ளைக்காரனையும் கடன்வாங்க வைத்த சொல் அது! காரணம் யாது? காணிக்கும் கலியாணத்துக்கும் நடுவே அச்சொல் செய்த வேலையை வேறெச் சொல்லாலும் செய்ய முடியவில்லை.

மானிப்பாயில் நடந்த பெருமுயற்சி

இனி அறிஞர் வழியைக் காண்போம். இங்கிருந்து நடந்து செல்லும் தூரத்திலுள்ள மானிப்பாய், தமிழ்ச் சொல்லாக்க வரலாற்றில் ஒரு தலைநகரம். 1842ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அகராதி, மானிப்பாய் அகராதி எனவும் பெயர் பெற்று, அங்கே அச்சேறியது. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர் மானிப்பாயிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். ஆறுமுக நாவலர் பிறந்த அதே 1822ஆம் ஆண்டிற் பிறந்தவர் அவர். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், தமிழ் மக்களுக்கு மருத்துவம் செய்வோர் தமிழிலேயே மருத்துவம் கற்றல் வேண்டும் என்று கண்டு 1860களில் தமிழுக்கு மாறினார். தாமே தமிழ் கற்றார். அங்காதிபாதம், இரணவைத்தியம், பிரசவ வைத்தியம் என அடுத்தடுத்து நூல்கள் வந்தன. தமிழிற் சொல் இருப்பின் அதனைக் கொள்வது, இல்லையேல் வடமொழியிற் தேடுவது, அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவது என்பது அவர் கைக்கொண்ட முறை. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் உருவாக்கினார்.

அவர் காலத்துச் சொற்கள் என்னவாயின? இரசாயன நூல் 1875இல் 'கெமிஸ்தம்' என்ற பெயரோடு வெளிவந்தது. இன்று கெமிஸ்தம் என்றால் எவருக்கு விளங்கும்? இரணவைத்தியம் என்பதும் வழக்கொழிந்தது. எமது வைத்தியசாலைகளிற் சத்திரசிகிச்சை என்பதே பெயர். ஆனால் 'பிரசவம்' பிழைத்திருக்கின்றது. பிரசவ விடுதியின் பலகையில் இருந்து நாள்தோறும் வேலை செய்கின்றது.

கிறீன் ஆக்கிய சொற்கள் தரமற்றவை என்பதற்காக மறைந்தனவா? அன்று. 1873இல் அவர் தாயகம் திரும்பினார். கொழும்பில் 1870ஆம் ஆண்டிலேயே ஆங்கிலவழி மருத்துவக் கல்லூரி தோன்றிவிட்டது. பதவியும் ஊதியமும் ஆங்கிலத்தின் பக்கம் சென்றன. தமிழில் மருத்துவம் கற்பிப்பது நின்றது. வகுப்பறை மூடப்பட்ட அன்றே அச்சொற்கள் வேலையிழந்தன. ஒரு மனிதர் பல்லாண்டு உழைத்தாலும், அச்சொற்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனம் இல்லையெனின் அவ்வுழைப்பு நூலகத்திற்கே போய்ச் சேரும் என்பதே மானிப்பாய் தரும் பாடம்.

பின்னர் 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்தபோது காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் முன்னின்று உழைத்தார். 1950களில் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு என்ற சொற்கள் அவ்வழி வந்தவை. அவற்றை நகைத்தோரும் உண்டு. ஆயினும் பாடநூலில் அச்சாகி, பரீட்சையிற் கேட்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டு அவை நிலைபெற்றுவிட்டன. பரீட்சை என்ற ஒரு தொழில் அவற்றுக்குக் கிடைத்தது. கெமிஸ்தத்துக்குக் கிடையாத பேறு காபனீரொட்சைட்டுக்குக் கிடைத்தது.

ஆணையால் மட்டும் சொல் வாழுமா?

ஆணையிட்டால் சொல் நிலைக்கும் என்போர் உளர். யாழ்ப்பாணமே இதற்கொரு பரிசோதனைச் சாலையாக இருந்தது. 1990களின் முற்பகுதியில் விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தின்கீழ்க் கடைப் பெயர்ப்பலகைகள் தனித்தமிழுக்கு மாறின. பேக்கரி வெதுப்பகம் ஆயிற்று. பாண் வெதுப்பி ஆயிற்று. மோட்டார் சைக்கிள் உந்துருளி ஆயிற்று. அந்நிர்வாகம் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் வெதுப்பகம் என்ற பலகை எமது வீதிகளில் இருக்கின்றது. அச்சொல் எழுதுவதற்கு எளிது, பொருள் தெளிவு, பலகை என்ற வேலையும் அதற்கு உண்டு. ஆனால் அதே வெதுப்பகத்துக்குள் நுழைபவர் கேட்பது பாண்தான், வெதுப்பி அன்று. முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளாகக் காலைப் பசி தீர்த்த சொல்லை ஓர் ஆணை எழுப்பி அனுப்ப முடியவில்லை. உந்துருளி செய்தித்தாளில் ஓடுகின்றது. வீதியில் ஓடுவது மோட்டார் சைக்கிளே.

மற்றொன்று. ஊர்த் தலைமைக்காரர் முறை 1963ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. கிராம சேவையாளர் வந்தார். கிராம அலுவலர் என்ற பெயரும் வந்தது. ஆயினும் பதிவுக்குச் செல்லும் முதியவர் இன்றும் 'விதானையாரிடம் போகிறேன்' என்கின்றார். பதவி மாறியது; வாசலில் நிற்கும் வேலை மாறவில்லை; ஆதலால் சொல்லும் மாறவில்லை.

இவற்றால் நாம் பெறுவது யாது? ஆணை சொல்லைப் பலகையில் ஏற்றும்; நாவில் ஏற்றாது. நாவில் ஏறுதற்குத் தேவை வேண்டும், எளிமை வேண்டும், விளக்கம் வேண்டும், பழக்கம் வேண்டும். எழுத்துக்கு ஒரு சொல்லும் பேச்சுக்கு ஒரு சொல்லும் அருகருகே வாழ்வதிலும் குற்றமில்லை. துவிச்சக்கரவண்டி என்று பத்திரத்தில் எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு செல்வதால் தமிழ் அழியாது.

'உம்' என்ற ஓர் இடைச்சொல்

அவ்வாறாயின் அரசு செய்வதற்கு ஒன்றுமில்லையா? உண்டு, மிக உண்டு. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களம் ஒன்றே அரசகரும மொழி என்றது. 1958இல் தமிழுக்கு விசேட ஏற்பாடுகள் என்று ஒரு சட்டம் வந்தது. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அந்த 'உம்' என்ற இடைச்சொல்லைப் பெறுவதற்கு முப்பத்தோர் ஆண்டுகள் சென்றன! இலக்கணம் கற்றோர் அதனை எச்சவும்மை என்பர். வாழ்ந்து பார்த்தோர் அதன் எச்சம் இன்னும் தீரவில்லை என்பர்.

சட்டம் உரிமையைத் தந்தது. சொல்லுக்கு வேலை தந்ததா? சுற்றறிக்கை பிறமொழியிற் பிறந்து, அவசரத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, காலந்தாழ்த்தி வந்து சேரும்போது அதிலுள்ள தமிழ் மூச்சுத் திணறுகின்றது. பொருள் விளங்காத மக்கள் அதனை மடித்து வைத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரைத் தேடிச் செல்கின்றனர். தமிழில் சிந்தித்துத் தமிழில் எழுதும் கந்தோரில்தான் தமிழ்ச் சொல் வேலை பெறும். மொழிபெயர்ப்பு மேசையில் மட்டும் இருக்கும் தமிழ், விருந்தினர்க்கு எடுத்து வைக்கும் கோப்பைபோல் அலுமாரிக்குள்ளேயே இருக்கும். மொழியுரிமை என்பது எழுத்தில் உள்ள உரிமை அன்று. வழக்கில் உள்ள உரிமை. சொல்லாக்கம் அரசியலோடு தொடர்பற்றது என எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

துன்பம் கற்பித்த சொற்கள்

சில சொற்களை எமக்குக் கற்பித்தவை நூல்களல்ல, துன்பங்கள். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கி நடந்தது. இடப்பெயர்வு, நிவாரணம், மீள்குடியேற்றம் என்ற சொற்களை எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் அறிந்துகொண்டார். அச்சொற்களை எவரும் அவருக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. 2020இற் பெருந்தொற்று வந்தபோது முகக்கவசம், தனிமைப்படுத்தல், தொற்றுநீக்கி என்பன சில கிழமைகளில் வீடுதோறும் புகுந்தன.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடைசெய்தது. 'சேதனப் பசளை' என்ற சொல் அன்று வயல்தோறும் ஒலித்தது. சேதனம், அசேதனம் என்பன அறிவுள்ளதனையும் அறிவற்றதனையும் குறித்துச் சைவ சித்தாந்த நூல்களில் வழங்கிய சொற்கள். பள்ளி இரசாயன நூல் அவற்றை எடுத்தாண்டது. அந்த ஆண்டு அவை உழவரின் நாவுக்கு வந்தன. நவம்பர் மாதத்தில் தடை தளர்ந்தது. இழந்த விளைச்சல் மீளவில்லை. சொல் மட்டும் எஞ்சியது. சித்தாந்தத்தில் இருந்து பசளைப் பைக்கு ஒரு சொல் வந்துசேர்ந்த கதை இது. தேவை அழைத்தால் எந்தச் சொல்லும் எழுந்து வரும்.

மருந்தா, நஞ்சா?

பெரியோர்களே! இதுவரை மக்கள் நாவின் பெருமையைப் பேசினோம். அந்நாவு எப்போதும் சரியாகவே சொல்லும் என்று முகத்துதி கூற நாம் வரவில்லை.

பூச்சிகளைக் கொல்லத் தெளிப்பதனை நாம் என்னவென்று அழைக்கின்றோம்? 'மருந்து அடிக்கின்றோம்' என்கின்றோம். போத்தலின் மேல் பீடைநாசினி என்று எழுதியிருக்கின்றது. தமிழகத்திற் பூச்சிக்கொல்லி என்பர். எமது நாவிலோ அது மருந்து. நோய் தீர்ப்பதும் மருந்து. உயிர் போக்குவதும் மருந்து! மருந்து என்று சொல்லிவிட்ட ஒன்றை எவர் அஞ்சுவார்? வெறுங்கையாற் கலக்குகின்றோம், குசினியிலே வைக்கின்றோம், குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் விடுகின்றோம். இங்கே பிழையான சொல் உயிரோடு விளையாடுகின்றது. 'நஞ்சு' என்ற மூவெழுத்துச் சொல் எம்மிடம் இருக்க, அதனைச் சொல்லத் தயங்குவது ஏன்? விவசாயப் போதனாசிரியரும் கடைக்காரரும் உழவரும் 'பயிர்நஞ்சு' என்று ஓராண்டு விடாது சொல்லிப்பார்க்கட்டும். சொல் மாறினால் அதனைத் தொடும் கையும் மாறும்.

இதற்கு மறுதலையாக நிற்கும் சொல் நைத்திரேற்று. மக்கள் நாவுக்கு வரவேண்டியது, இன்னும் வராதது. எமது நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். மேலே இடும் யூரியாவிற் பயிர் கொண்டது போக எஞ்சியது நைத்திரேற்றாகி, மழையோடும் இறைப்போடும் கீழிறங்கிக் கிணற்றை அடைகின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல இவ்வரம்பைத் தாண்டுவதனை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அந்நீரில் மாவைக் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றும்.

யூரியா என்ற சொல் எல்லோர்க்கும் தெரியும். அது கடையில் வாங்கப்படுகின்றது. நைத்திரேற்று என்ற சொல் பலர்க்குத் தெரியாது. அது கிணற்றுக்குள் காசின்றி வருகின்றது. பாடசாலையில் அச்சொல்லை எழுதிச் சித்தி பெற்ற மகனும், அதே வீட்டுக் கிணற்றில் நீரள்ளும் தாயும் அச்சொல்லைப்பற்றி ஒரு நாளேனும் பேசிக்கொண்டதில்லை. விஞ்ஞானியின் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கின்றது; மாணவனின் தமிழ் பரீட்சைத் தாளில் இருக்கின்றது; உழவரின் தமிழ் தோட்டத்தில் இருக்கின்றது. மூன்றும் சந்திக்கவில்லை. அறிந்தவனும் உழைப்பவனும் ஒரு பொருளை ஒரே சொல்லால் அழைக்காத நாட்டில் அறிவு ஊருக்குப் பயன்படாது.

நாம் செய்யவேண்டியவை

ஆகவே உத்தியோகத்தர்களையும் தொழிலறிஞர்களையும் முதலில் வேண்டிக்கொள்கின்றோம். நீங்கள் கற்ற கலைச்சொல்லைப் பரீட்சையோடு அடக்கம் செய்துவிடாதீர்கள். வைத்தியர் நோயின் பெயரைத் தமிழிற் கூறி விளக்குக. சட்டத்தரணி உறுதியின் உட்பொருளைக் கைச்சாத்திடுபவருக்குத் தமிழிற் சொல்லுக. நீரைச் சோதிப்பவர் அறிக்கையைத் தமிழில் எழுதி, அதன் கீழே இந்நீரைக் குடிக்கலாமா ஆகாதா என்பதனையும் எழுதுக. விளங்காத சொல்லாயின் வேறு சொல் தேடுக. தேடுமிடத்துத் தோட்டத்துத் தமிழை முதலிற் கேட்டறிக.

உழவர் பெருமக்களையும் வேண்டிக்கொள்கின்றோம். உங்கள் சொல்லைத் தாழ்வாக எண்ணாதீர்கள். மிளகாயும் புகையிலையும் மரவள்ளியும் உங்கள் முன்னோர் தமிழுக்கு இட்ட கொடை. புதிய பயிரோ புதிய நோயோ புதிய கருவியோ வரும்போது நீங்களும் பெயரிடுங்கள். விளங்காத படிவத்தில் ஒப்பமிடாதீர்கள். விளங்கும் தமிழிற் படிவம் தருக என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது இரத்தலன்று. அரசியலமைப்புத் தந்த உரிமையை வழக்கிற் கொண்டுவருதல்.

மொழிப் பற்றுடைய அன்பர்களுக்கும் ஒரு சொல். யூரியாவையும் பாணையும் துரத்துவதிற் காலம் கழிக்கவேண்டா. அவை வேலை செய்து உண்பவை, இருக்கட்டும். இருக்கின்ற தமிழ்ச் சொல்லை வேலையிலிருந்து நீக்கி, அவ்விடத்திற் பிறமொழிச் சொல்லை அமர்த்தும் வழக்கத்தையே தடுத்தல் வேண்டும். அம்மாவும் அப்பாவும் இருக்க வேறு சொல்லாற் பெற்றோரை அழைப்பது தேவையால் வந்ததன்று; பெருமையால் வந்தது. தேவையால் வரும் சொல் மொழியை வளர்க்கும். பெருமைக்கு வரும் சொல் மொழியை மெலிவிக்கும்.

இவ்வூரின் பெயரிலேயே மடம் இருக்கின்றது. மடம் வழிப்போக்கரைத் தடுப்பதில்லை. ஓரிரவு தங்க இடம் கொடுக்கும். தங்கியவருள் உழைக்கக்கூடியவர் ஊரவராவர். மற்றவர் விடியலிற் புறப்பட்டுச் செல்வர். சொற்களும் வரட்டும், தங்கட்டும். எவற்றை ஊராக்குவது என்பதைத் தீர்மானிப்பவர்கள் கொழும்பிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. நாளை விடியுமுன் சந்தைக்குக் கூடை தூக்கிவருபவரும், எட்டு மணிக்குக் கந்தோர்க் கதவைத் திறப்பவருமாகிய நீங்களே அவர்கள். நீங்கள் இருவரும் ஒரே சொல்லைப் பேசத் தொடங்குங்கள். தமிழ் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.